அடித்தகடு

“வாயத் தொறடா தம்பி. ஒரே ஒரு மடக்கு. அக்கா சொல்றேன்ல,” என்று சங்கின் மூக்கை மொக்கையனின் உதடுகளுக்கு நடுவே வைத்து அழுத்தினாள் ஜக்கம்மாள். சங்கில் இருந்த தண்ணீர் கறுத்திருந்தது. போடிமெட்டுக்குச் சொல்லிவிட்டு, காலையில் இறங்கிய ஜீப்பில் அவனுடைய ஏலத்தோட்டத்து மண்ணைக் காகிதத்தில் மடித்து வரவழைத்து, கரைத்து, வேட்டித் துணியில் வடிகட்டிய தண்ணீர் அது.

பாதி உள்ளே போனது. மீதி கோணிய வாயின் ஓரமாக வழிந்து காதுக்குள் இறங்கியது. அவன் மனைவி அன்னக்கொடி முந்தானையால் துடைத்துவிட்டாள். அறையில் இருந்த பதினைந்து பேரும் கட்டிலில் கிடந்தவனின் நெஞ்சையே பார்த்தார்கள். நெஞ்சு ஏறி இறங்கியது. இன்னொரு முறையும் ஏறி இறங்கியது.

“இதும் இல்லயா?” என்று சங்கைத் தரையில் வைத்தாள் ஜக்கம்மாள். தம்பி சாகவில்லை என்பதைவிடத் தன் வைத்தியம் பலிக்கவில்லை என்பதுதான் அவள் குரலில் இருந்தது.

இன்றோடு பதினோரு நாள். தேனியிலிருந்த டாக்டர், இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பேச்சு இல்லை. இடது கை மட்டும் கொஞ்சம் அசையும். கண்கள் நன்றாகவே இருந்தன. யார் வந்தாலும் பார்த்தன. காது கேட்டது. இழுத்துக்கொண்டு கிடக்கும் உயிர் எதன் மேலோ ஆசை வைத்திருக்கிறது, அதைக் கரைத்து ஊற்றினால் தடையில்லாமல் போய்விடும் என்பது அந்த வீட்டில் எல்லோரும் அறிந்தது. எட்டாம் நாள் ஜக்கம்மாள் தன் கழுத்துச் சங்கிலியைக் கல்லில் உரசிப் பொன்தண்ணீர் ஊற்றினாள். பத்தாம் நாள் வீட்டுப் பசுவின் பால். இன்று மண்.

சாவுக் கொட்டுக்காரர்கள் இரண்டு தடவை வந்து திரும்பிப் போய்விட்டார்கள். இரண்டாம் தடவை வாசலில் வைக்கோலைக் கொளுத்திக் கொட்டைக் காய்ச்சவே தொடங்கிவிட்டார்கள். அந்தப் புகை ஜன்னல் வழியாக உள்ளே வந்தபோது மொக்கையனின் கண்கள் ஜன்னலுக்குப் போனதை அன்னக்கொடி பார்த்தாள். அவளே எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள்.

“மாப்ளைக்குப் போக மனசில்ல,” என்றார் ஜக்கம்மாளின் புருஷன் ராக்கையா. சுவரில் சாய்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். “அவருக்கு என்ன, படுத்துருக்காரு. ராசிங்காபுரத்துல என் பருத்தி வெடிச்சுக் காத்துல பறக்குது. நாளைக்கும் எடுக்கலேன்னா மெத்தைக்குத்தான் ஆகும்.”

“மெல்லமாப் பேசுங்க. காது கேக்கும்,” என்றாள் ஜக்கம்மாள்.

“கேக்கட்டும்னுதான சொல்றேன்.”

யாரோ சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

அப்போதுதான் வாசற்படியில் நின்ற ஒச்சப்பன் வாயைத் திறந்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக். பதினோரு நாளும் வந்துவிட்டான். ஒரு நாளும் படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. நகக்கண்ணில் மசியோடு வந்து, நின்று, பார்த்துவிட்டுப் போவான்.

“தப்பா நெனைக்கலேன்னா ஒண்ணு சொல்லட்டுமாக்கா? அண்ணனுக்கு ஆசை மண்ணு மேலயும் இல்ல, பொன்னு மேலயும் இல்ல.”

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்துவிட்டது. இவ்வளவு நாள் எப்படித் தோன்றாமல் போயிற்று என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“சின்னவளச் சொல்றான்,” என்றார் ராக்கையா.

சின்னவள் என்பது கார். மொக்கையனுக்கு ரெண்டு பொண்டாட்டி, பெரியவ சோறாக்குவா, சின்னவ பெட்ரோல் குடிப்பா என்று சொந்தத்தில் சொல்லிச் சிரிப்பார்கள். அன்னக்கொடியின் முன்னால்தான் சொல்வார்கள். அவளும் பல வருஷம் சிரித்திருக்கிறாள்.

“பிள்ள இருந்தா உசுரு பிள்ள மேல ஒட்டும்,” என்றாள் ஜக்கம்மாள், சுவரைப் பார்த்து. “இல்லாத வீட்டுல தகரத்து மேலதான ஒட்டும்.”

அன்னக்கொடி கட்டிலின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

“காரக் கரைச்சு எப்பிடிடி ஊத்துவ?” என்று கேட்டார் ராக்கையா.

“துருவு இருக்கும்ல? சொரண்டிக் கரைச்சு ஊத்துனாப் போச்சு. ஏத்தா அன்னக்கொடி, எந்திரி. செம்புல தண்ணி எடுத்துட்டுப் போயி நீயே சொரண்டிக் கொண்டா. கட்டுனவ கையால கொண்டாந்தாத்தான் எறங்கும். வெரசாப் போ.”

அன்னக்கொடி கட்டிலைப் பார்த்தாள். மொக்கையனின் கண்கள் சாத்திய ஜன்னலின் மேல் இருந்தன. ஜன்னலுக்கு அந்தப் பக்கம்தான் கார் கொட்டகை.

*

அறுபத்தெட்டாம் வருஷக் கடைசியில் அந்தக் கார் போடிக்கு வந்தது. மதராஸில் கப்பல் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த ஜப்பான்காரர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போன வண்டி. ஏலக்காய் விஷயமாகப் போன மொக்கையன் அதை ஒரு தெருவில் நிற்கப் பார்த்தான். போன வேலையை மறந்தான். இரண்டு நாள் ஓட்டிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் நிறுத்தினான். வெள்ளை நிறம். இடுப்பளவுகூட உயரமில்லை. மேலே கூரை கிடையாது, மழைக்கு இழுத்து மூட ஒரு கான்வாஸ் துணி மட்டும். உள்ளே சிவப்புத் தோலில் இரண்டே இரண்டு சீட்டு. ஊரில் அதுவரை கார் என்றால் பத்துப் பேரும் இரண்டு மூட்டையும் ஏறுவது. “மொதலாளி, மிச்சக் காரு எப்ப வரும்?” என்று கேட்டவர்கள் உண்டு.

அவன் அவர்களுக்குப் பதில் சொன்னதில்லை. போடிமெட்டுக்கு ஏறும் பதினேழு வளைவுகளிலும் அந்த வண்டி எப்படித் திரும்பும் என்பதைச் சொல்ல அவனிடம் வார்த்தை இல்லை. கையால் காற்றில் வளைத்துக் காட்டுவான். மூணாறுப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து மேனேஜரிடம் இதே மாதிரி இன்னொரு வண்டி இருந்தது. இரண்டு பேரும் மாதம் ஒருமுறை போடிமெட்டு டீக்கடையில் வண்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிட்டு, ஒருவர் வண்டியை மற்றவர் சுற்றிச் சுற்றி வருவார்கள். “இது வண்டியல்ல சேட்டா, ரோகமாணு,” என்பார் அந்த மேனேஜர். ரோகம் என்று கேட்டதில் மொக்கையனுக்கு அவ்வளவு சந்தோஷம். வீட்டில் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

புது வண்டிகள் எத்தனையோ வந்தன. சொந்தக்காரர்கள் வாங்கினார்கள், விற்றார்கள். அவன் விற்கவில்லை. தேய்ந்த சாமான் ஒன்றுக்கு யோகோஹாமாவுக்கு எழுதிப் போட்டுவிட்டு ஏழு மாதம் காத்திருப்பான். அது சுற்றி வந்த ஜப்பான் பேப்பரைக்கூட இஸ்திரி போட்டுக் கொட்டகைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தான். வயசாக ஆகத்தான் அதன் சத்தம் பழுக்கிறது என்று ஒச்சப்பனிடம் சொல்வான். ஒச்சப்பனும் கண்ணை மூடிக்கொண்டு, ஆமாண்ணே என்பான்.

அன்னக்கொடி அந்த வண்டியில் ஏறியது இரண்டு தடவை. முதல் தடவை வாங்கின மறுநாள், கோவிலுக்கு. “தலையில எண்ணெ இருக்கா?” என்று கேட்டான். இருந்தது. “அப்பச் சாயாம முன்னுக்கு உக்காரு. தோலுல எண்ணெ பட்டாப் போகாது.” கோவில் வரை விறைப்பாக, பள்ளிக்கூடத்தில் உட்காருவதுபோல உட்கார்ந்து போனாள். யார் ஏறினாலும் முதலில் ஒரு வெள்ளைத் துண்டை விரிப்பான். அதன் மேல்தான் உட்கார வேண்டும். மகள் பொன்னுமணிக்கும் அதேதான். அவளை அடிக்கடி ஏற்றிக்கொண்டு போவான். “கால மேல தூக்கிக்க தாயி, செருப்பு பட்டுரும்,” என்பான். அவள் இரண்டு முழங்காலையும் கட்டிக்கொண்டு, துண்டை விட்டு நகராமல் உட்கார்ந்திருப்பாள். காற்றில் முடி பறக்கும். பொன்னுமணிக்கு அந்த வண்டி என்றால் உயிர்.

எழுபத்துமூன்று ஆடி. மூன்று பேரும் மேலே தோட்டத்து வீட்டில் இருந்தார்கள். காரும் அங்கேதான் நின்றது. நான்கு நாளாக அடைமழை. காலையில் பொன்னுமணிக்குக் கக்கலும் கழிச்சலும் கண்டது. அப்போது அவளுக்கு ஏழு வயது. பத்து மணிக்குக் கஞ்சித் தண்ணீர்கூட நிற்கவில்லை. மத்தியானத்தில் கண் உள்ளே போய்விட்டது. தோட்டத்து ஜீப் லோடு ஏற்றிக்கொண்டு போடிக்கு இறங்கியிருந்தது. சாயங்காலம்தான் வரும்.

“வண்டிய எடுங்க,” என்றாள் அன்னக்கொடி.

அவன் குடையோடு வெளியே போய் ரோட்டைப் பார்த்துவிட்டு வந்தான். “தண்ணி ஓடுது. கல்லு உருண்டு கெடக்கு. தாழ்ந்த வண்டி. அடி தட்டும்.”

ஒரு மணிக்கு மறுபடி கேட்டாள். “அடி தட்டும்னு சொல்றேன்ல. எண்ணெத் தொட்டி ஓட்டையாகி நடுக்காட்டுல நின்னா என்ன செய்வ? ஜீப்பு வந்துரும்.”

இரண்டு மணிக்குக் காலில் விழுந்தாள். பொன்னுமணி அவள் தோளில் கிடந்தாள். அவள் புடவை முழுவதும் நனைந்து நாறியது. அவன் அந்தப் புடவையைப் பார்த்தான். பிறகு ரோட்டைப் பார்த்தான். “அடி தட்டும் அன்னம்,” என்றான். அவன் கண்ணில் தண்ணீர் இருந்தது. பொய் சொல்கிறவனின் முகமாக அது இல்லை.

நாலரைக்கு ஜீப் வந்தது. மேலிருந்து ஒன்பதாவது வளைவில், அன்னக்கொடியின் கழுத்தைப் பிடித்திருந்த கை தானாக நழுவி விழுந்தது. டிரைவரிடம் அவள் சொல்லவில்லை. சொன்னால் நிறுத்திவிடுவான் என்று நினைத்தாள்.

மூன்று வாரம் கழித்து, மறுபடி தோட்டத்து வீட்டில் இருந்தபோது, அதைவிடப் பெரிய மழையில், போடியில் பார்சல் வந்திருக்கிறது என்று ஆள் வந்து சொன்னான். ஜப்பானிலிருந்து வந்த சாமான். மொக்கையன் காரை எடுத்துக்கொண்டு இறங்கினான். இருட்டுவதற்குள் திரும்பியும் வந்தான். அவன் கைகால் கழுவத் தண்ணீர் ஊற்றும்போது அவள் கேட்டாள்.

“அடி தட்டலயா?”

“இன்னிக்குத் தண்ணி கம்மி,” என்றான்.

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. அன்றைக்குத் தண்ணீர் அதிகமாகத்தான் இருந்திருக்கும், நிஜமாகவே தட்டியிருக்கும், நடுக்காட்டில் நின்றிருந்தால் பிள்ளை ஜீப்பின் இரைச்சல்கூடக் கேட்காமல் மழையில் போயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முதல் வருஷம் தினமும் சொன்னாள். பிறகு சொல்ல வேண்டியிருக்கவில்லை. “அடி தட்டும்” என்ற அந்த இரண்டு வார்த்தையின் மேல் நின்றுதான் பதினோரு வருஷம் அவனுக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள், பக்கத்தில் படுத்தாள். இந்தப் பதினோரு நாளாக அவன் மூத்திரத்தையும் மலத்தையும் அள்ளினாள்.

*

கொட்டகைச் சாவி மொக்கையனின் அரைஞாண் கயிற்றில் இருந்தது. விழுந்த அன்று அவிழ்த்ததிலிருந்து அன்னக்கொடியின் இடுப்பில் இருக்கிறது. அவன் விழுந்ததும் இங்கேதான், காரைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது. ஒச்சப்பன் கதவைத் தள்ளித் திறந்தான். கான்வாஸ் போர்வையை மெதுவாக, தூங்கும் பிள்ளையின் மேலிருந்து எடுப்பதுபோல எடுத்தான்.

அவள் செம்பைத் தரையில் வைத்துவிட்டு, கொண்டுவந்த கத்தியை எடுத்துக்கொண்டாள். கதவோரம் பார்த்தாள். சக்கரத்துக்கு மேலே பார்த்தாள். பின்பக்க மூடியைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு புள்ளி துரு இல்லை. வெள்ளையில் அவள் முகம்தான் தெரிந்தது.

“கெடைக்காது மதினி,” என்றான் ஒச்சப்பன். பதினோரு நாளில் முதல் தடவையாக அவன் முகம் மலர்ந்திருந்தது. “பதினாறு வருசமாச்சு. நேத்துப் பட்டறைக்கு வந்த அம்பாசடருக்கு வயசு நாலு, கதவு அரிச்சு விரல் உள்ள போகுது. இதப் பாருங்க. அண்ணன் தாய் பிள்ளையப் பாக்குற மாதிரிப் பாத்தாரு. சீட்டப் பாருங்க. ஒரு கறை இருக்கா? சொல்லுங்க. இந்தப் பதினாறு வருசத்துல ஒரு சொட்டு, ஒரு பொட்டு?”

அவள் சீட்டைப் பார்த்தாள். சிவப்பாக, இறுக்கமாக, நேற்றுத் தைத்ததுபோல இருந்தது.

“மத்த வண்டியில போனா நம்ம போறோம் மதினி. இதுல போனா ரோடு நம்மகிட்ட வருது. அண்ணன் ஒரு தடவ எங்கிட்ட ஓட்டக் குடுத்தாரு. எறங்குனப்பறம் அழுகையா வருது. ஏன்னு தெரியல.” அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். “துருவு வேணும்னா அடியிலதான் இருக்கும். கத்தியக் குடுங்க, நான் படுத்துத் தகட்டுலருந்து சொரண்டித் தர்றேன்.”

“என்ன தகடு?”

“அடித்தகடுதான். எத்தன மலை, எத்தன கல்லுல ஒரசிருக்கு. துருவெல்லாம் அதுலதான் இருக்கும்.”

அவன் தரையில் மல்லாந்து காருக்கு அடியில் போனான். கத்தி இரும்பில் உரசும் சத்தம் வந்தது. அவள் குனிந்தாள். பிறகு மண்டி போட்டு, கன்னம் தரையில் படும்படி சாய்ந்து பார்த்தாள். முன் சக்கரங்களுக்கு நடுவே, எஞ்சினின் அடிவயிற்றை மூடி, விரல் தடிமனில் ஒரு இரும்புத் தகடு இருந்தது. நான்கு மூலையிலும் பெரிய பெரிய போல்ட்டுகள். தகடு முழுக்கக் கீறல்கள், நசுங்கல்கள்.

“இது எப்பப் போட்டது?” என்று கேட்டாள்.

“வாங்குன மறு வருசமே. லாரிப் பட்டைய அடிச்சு நாந்தான் செஞ்சு மாட்டுனேன். அண்ணன் பக்கத்துலயே உக்காந்துருந்தாரு.” அடியிலிருந்து வந்த குரலில் பெருமை இருந்தது. “இன்னும் ஞாபகம் இருக்கு, பொன்னுமணிக்குக் காது குத்துன அன்னிக்கு. விருந்துச் சோறு தின்னுட்டு வந்துதான் மாட்டுனேன். இத மாட்டுனப்பறம் பாறையில எறக்குனாலும் எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகாது. அடி தட்டும்னு பயமே இல்ல மதி—”

கத்திச் சத்தம் நின்றது.

காது குத்தும்போது பொன்னுமணிக்கு மூன்று வயது. அன்னக்கொடி கன்னத்தைத் தரையிலிருந்து எடுக்கவில்லை. காருக்கு அந்தப் பக்கம், ஜப்பான் பேப்பர் ஒட்டிய சுவர் தெரிந்தது. கொட்டகைக்கு வெளியே ராக்கையா யாரிடமோ பருத்தியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒச்சப்பன் மூச்சு விடுவது கேட்டது. அவன் வெளியே வர நேரம் எடுத்துக்கொண்டான். வந்தபோது அவள் முகத்தைப் பார்க்காமல், உள்ளங்கையில் இருந்த துருவைச் செம்புத் தண்ணீரில் போட்டான்.

“மதினி. அன்னிக்கு நான் இங்க போடியில இருந்தேன். எனக்கு ஒண்ணும்—”

“சீட்டுல ஒரு கறை இல்லைன்ன,” என்றாள் அன்னக்கொடி.

அவன் கத்தியைத் தரையில் வைத்தான்.

அவள் எழுந்து புடவை மண்ணைத் தட்டிவிட்டாள். செம்பை எடுக்கவில்லை.

“வண்டிய வாசலுக்குக் கொண்டா ஒச்சப்பா. மேல் துணிய மடிச்சு விட்டுரு. கரைச்சு ஊத்த வேணாம். அவர உக்கார வச்சே அனுப்புவோம்.”

*

“சாகப்போற ஆள வண்டியில ஏத்துவாகளா? எந்த ஊருல உண்டு?” என்றாள் ஜக்கம்மாள்.

“ஏத்தட்டும் விடு,” என்றார் ராக்கையா. “பத்தடி போனா உசுரு போகும்னா நான் தள்ளிக்கூட விடுறேன்.”

அன்னக்கொடி கட்டிலருகே போய் அவனிடமே சொன்னாள். “உங்கள வண்டியில ஏத்தப்போறோம்.” அவன் கண்கள் அவள் முகத்தில் நின்றன. பதினோரு நாளாக இல்லாத ஒரு ஒளி அதில் வந்தது. இருபத்தைந்து வருஷத்தில் அவளை அவன் அப்படிப் பார்த்தது குறைவு. அது முழுதாக வரும்வரை அவள் காத்திருந்தாள்.

“வேட்டிய மாத்திரு. ஈரமா இருக்கு,” என்றாள் ஜக்கம்மாள்.

“இருக்கட்டும் மதினி. மாத்துனா மறுபடியும் நனையத்தான போகுது.”

நான்கு பேர் போர்வையோடு தூக்கினார்கள். வாசலில் மாசி வெயில் வெள்ளைக் காரின் மேல் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. தெருவே கூடிவிட்டது. ஒச்சப்பன் இடது பக்கக் கதவைத் திறந்து வைத்து, மடித்திருந்த வெள்ளைத் துண்டைச் சீட்டின் மேல் விரித்து, ஓரங்களை நீவிவிட்டான்.

அன்னக்கொடி அந்தத் துண்டை எடுத்தாள்.

“மதினி, அண்ணனுக்கு—”

“துண்டு வேணாம். அப்பிடியே உக்கார வைங்க.”

போர்வையில் தொங்கிக்கொண்டிருந்த மொக்கையன் அதைப் பார்த்துவிட்டான். சீட்டில் இறக்கும்போது அவன் இடது கை நீண்டு, அவள் கையிலிருந்த துண்டின் நுனியைப் பிடித்தது. அந்தக் கையில் அவ்வளவு பலம் மிச்சமிருக்கும் என்று யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். அன்னக்கொடி அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

“பாத்தியா, பொண்டாட்டி கைய விடமாட்டேங்கிறான்,” என்று ஜக்கம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அதைப் பார்த்து மற்றப் பெண்களும் அழுதார்கள். “எப்பேர்ப்பட்ட பொண்டாட்டிடா உனக்கு. உன் ஆசையக் கண்டுபிடிச்சாளே.”

அன்னக்கொடி துண்டை நான்காக மடித்து இடுப்பில் செருகினாள். அவன் கால்களைப் பிடித்து உள்ளே வைத்தாள். வேட்டியிலிருந்து ஈரம் சிவப்புத் தோலின் மேல் இறங்கத் தொடங்கியிருந்தது. நாற்றம் அடித்தது. யாரும் முகம் சுளிக்கவில்லை. சாகப்போகிறவன்.

ஒச்சப்பன் சாவியைத் திருகினான். முதலில் ஒரு இருமல். பிறகு அந்தச் சத்தம் வந்தது. தாழ்வாக, மழமழவென்று, தெருவின் தரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது. பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். அந்தச் சத்தம் அழகானது என்பதை அன்னக்கொடியால்கூட மறுக்க முடியவில்லை. பொன்னுமணி இந்தச் சத்தத்துக்குத்தான் தட்டில் பாதிச் சோற்றை விட்டுவிட்டு ஓடி வருவாள்.

அவள் குனிந்து அவன் காதருகே போனாள். எல்லோருக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னாள்.

“பயப்படாமப் போயிட்டு வாங்க. தகடு இருக்கு. அடி தட்டாது.”

அவன் கண்கள் அவளிடம் வந்தன. அவளும் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்தினாள். இரண்டே சீட்டு. வேறு யாரும் கூடப்போக முடியாது.

வண்டி மலை ரோட்டுப் பக்கம் திரும்பி மறைந்தது. சத்தம் கொஞ்ச நேரம் இருந்தது. பெண்கள் வாசலிலேயே உட்கார்ந்தார்கள். ராக்கையா கொட்டுக்காரர்களுக்கு ஆள் அனுப்பினார். அன்னக்கொடி உள்ளே போய்க் கட்டிலிலிருந்த துணிகளைச் சுருட்டி எடுத்துக் கொல்லையில் போட்டாள். ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

அரைமணி கழித்துச் சத்தம் திரும்பி வந்தது. மிக மெதுவாக வந்தது. ஒச்சப்பன் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டான். பக்கத்தில் மொக்கையன் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தான்.

“முந்தல் தாண்டல,” என்றான் ஒச்சப்பன். “மலையடிச் செக்போஸ்டுக்கு முன்னாடியே போயிட்டாரு.”

“மலையப் பாத்தானா? கடைசியா மலையப் பாத்தானா எந்தம்பி?” என்று கேட்டாள் ஜக்கம்மாள்.

ஒச்சப்பன் அன்னக்கொடியைப் பார்த்தான். “பாக்கலக்கா. நான் நிமித்தி நிமித்தி விட்டேன். குனிஞ்சு சீட்டயே பாத்துக்கிட்டு இருந்தாரு.”

“அம்புட்டு உசுரு வண்டி மேல,” என்று ஜக்கம்மாள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

*

கருமாதி முடிந்த மறுநாள் அன்னக்கொடியை முற்றத்தில் உட்கார வைத்துத் தலைக்கு எண்ணெய் வைத்தார்கள். ஜக்கம்மாள் உள்ளங்கை நிறைய நல்லெண்ணெயை உச்சியில் தேய்த்தாள். ராசிங்காபுரத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் எண்ணெய் நெற்றியிலும் கழுத்திலும் ஒழுகியது. “கொஞ்ச நேரம் ஊறட்டும். அப்பறம் தண்ணி ஊத்திக்க,” என்று சொல்லிவிட்டு மூட்டை கட்டப் போனாள்.

அன்னக்கொடி எழுந்து கொட்டகைக்குப் போனாள். ஒச்சப்பன் அங்கே வாளியில் சோப்புத் தண்ணீரோடு குந்தியிருந்தான். தோளில் ஒரு வெள்ளைத் துண்டு. எத்தனை நாளாகக் காத்திருந்தானோ. கதவருகே, அன்று வைத்த செம்பு அப்படியே இருந்தது. துரு அடியில் படிந்து, மேலே தண்ணீர் தெளிந்திருந்தது.

“தொடைச்சிரட்டுமா மதினி? இன்னும் விட்டா ஊறிரும். போகாது.”

இடது சீட்டில் கறை காய்ந்து கறுத்திருந்தது. விளிம்பு வெளுத்து, ஏழு வயதுப் பிள்ளை ஒன்று காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்து எழுந்துபோன அளவுக்கு இருந்தது.

அவள் சுற்றிப்போய் வலது பக்கக் கதவைத் திறந்தாள். இரண்டாம் தடவையாக உள்ளே உட்கார்ந்தாள். சீட்டு அவள் நினைத்ததைவிடத் தாழ்வாக இருந்தது. முதலில் விறைப்பாகத்தான் உட்கார்ந்தாள். பிறகு மெல்லப் பின்னால் சாய்ந்து, எண்ணெய்த் தலையைச் சிவப்புத் தோலில் வைத்தாள்.

ஒச்சப்பன் தோளிலிருந்த துண்டை எடுத்துக்கொண்டு பதறி எழுந்தான். இரண்டு எட்டு வைத்தான். அப்படியே நின்றுவிட்டான்.